லாரிக்கு மாற்று இன்டர்கூலர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேட்டவர் நாமக்கல்–நாக்பூர் வழியில் பிஎஸ்-4 புகை விதிக் காலத்து டாரஸ் லாரி ஓட்டுகிறார். ஆறு சிலிண்டர் வண்டி, ஆறு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. முழு லோடோடு தொப்பூர் கணவாய் ஏறும்போது இழுவை இல்லை, கரும்புகை வருகிறது, மைலேஜும் இறங்கிவிட்டது. மெக்கானிக் "இன்டர்கூலர் போச்சு, மாத்திடலாம்" என்கிறார். டர்போ அழுத்தித் தள்ளும் சூடான காற்றை, எஞ்சினுக்குள் போகும் முன் குளிர்விக்கும் பெட்டிதான் இன்டர்கூலர். கம்பெனி ஒரிஜினல் ஒரு விலை, வெளித் தயாரிப்பு அதில் பாதி, காயலான் கடையில் கழற்றியது அதிலும் பாதி. மூன்றில் எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

வாங்குவதைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒன்று. இன்டர்கூலர்தான் பழுது என்று முதலில் உறுதி செய்யுங்கள். நீங்கள் சொல்லும் மூன்று அறிகுறியும் ஏர் ஃபில்டர் அடைத்தாலும் வரும், டர்போ சோர்ந்தாலும் வரும், இன்ஜெக்டர் சொட்டினாலும் வரும், ஒரு ஹோஸ் கிழிந்தாலும் வரும். நல்ல இன்டர்கூலரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் புதியதை மாட்டி, கடைசியில் டர்போவிலிருந்து போகும் ஹோஸின் அடிப்பக்கத்தில் விரல் நீளக் கிழிசலைக் கண்டுபிடித்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். மேலிருந்து பார்த்தால் அந்தக் கிழிசல் தெரியாது. லோடில் பிரஷர் ஏறினால்தான் அது வாய் திறக்கும்.

சோதனை எளிது, அரை மணி நேர வேலை. இன்டர்கூலரின் இரண்டு பக்க ஹோஸையும் கழற்றி, இரண்டு வாயையும் அடைப்பான் போட்டு மூடுங்கள். ஒரு அடைப்பானில் காற்று ஏற்ற வால்வும் பிரஷர் மீட்டரும் இருக்க வேண்டும். 30 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அலகு) ஏற்றிக் காற்றை நிறுத்திவிட்டு, 15 விநாடி மீட்டரைப் பாருங்கள். 5 பிஎஸ்ஐக்குள் இறங்கினால் இன்டர்கூலர் நன்றாகத்தான் இருக்கிறது. சில எஞ்சின் கம்பெனிகள் 7 வரை ஒத்துக்கொள்கின்றன. கொஞ்சம்கூட இறங்கக் கூடாது என்று நினைத்துப் பலர் நல்ல பொருளைத் தூக்கிப் போடுகிறார்கள். இது தண்ணீர் போகும் ரேடியேட்டர் இல்லை, காற்று போகும் பெட்டி. மிகச் சின்னக் கசிவை அது தாங்கும். அதற்கு மேல் இறங்கினால் சோப்புத் தண்ணீர் அடித்து எங்கே நுரைக்கிறது என்று பாருங்கள். இன்னொன்று, அடைப்பான்களைச் சங்கிலி போட்டு இன்டர்கூலரோடு கட்டிவிட்டுத்தான் காற்று ஏற்ற வேண்டும். அந்தப் பிரஷரில் அடைப்பான் பிய்த்துக்கொண்டு வந்தால் எதிரில் நிற்பவர் முகம் போய்விடும். தயவுசெய்து இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கசிவு இல்லையென்றால் அடைப்பு இருக்கலாம். உள்ளே போகும் வாயிலும் வெளியே வரும் வாயிலும் மீட்டர் வைத்து, லோடில் ஓட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் 1 அல்லது 2 பிஎஸ்ஐ வித்தியாசம் இருப்பது இயல்பு. 3-க்கு மேல் போனால் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கோ கரியோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, குளிர்விக்கும் திறன். முழு லோடில், வண்டி ஓட்டத்தில், வெளிக்காற்றைவிட இன்டர்கூலரை விட்டு வெளியே வரும் காற்று 25 முதல் 30 டிகிரி கூடுதலாக இருந்தால் சரி. 50 டிகிரி கூடுதல் என்றால் ஏதோ கோளாறு. பட்டறையில் துப்பாக்கி மாதிரி இருக்கும் வெப்பமானியால் அலுமினியக் குழாயை அளக்கிறார்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். குழாயில் கறுப்பு டேப் ஒட்டி, அந்த டேப்பின் மேல் அளந்தால் சரியாக வரும்.

இந்த அளவுகளை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. டர்போ காற்றை அழுத்தும்போது காற்று சூடாகிறது. வெளியில் 37 டிகிரி இருக்கும்போது டர்போ அதை இரண்டரை மடங்காக அழுத்தினால், வெளியே வரும் காற்று 160 டிகிரியைத் தாண்டும். சூடான காற்று விரிந்திருக்கும், அதில் ஆக்சிஜன் குறைவு. அதே காற்றை இன்டர்கூலர் 65 டிகிரிக்கு இறக்கிக் கொடுத்தால், அதே பிரஷரில் சிலிண்டருக்குள் போகும் காற்றின் எடை சுமார் 30 சதவீதம் கூடுகிறது. உங்கள் வண்டி தொப்பூர் ஏறுவது அந்த 30 சதவீதத்தில்தான். அது குறைந்தால் டீசல் முழுவதும் எரியாமல் கரும்புகையாகப் போகும், புகைபோக்கிச் சூடு ஏறும். கசிவு இருந்தால் போதாத பிரஷரை ஈடுகட்ட டர்போ கூடுதல் வேகத்தில் சுற்றும், அதன் ஆயுளும் குறையும். ஆக, இன்டர்கூலரில் மிச்சம் பிடிக்கும் காசு டர்போவில் போய்விடும்.

சரி, சோதித்துப் பார்த்து இன்டர்கூலர்தான் என்று தெரிந்துவிட்டது. அப்புறமும் கடைக்கு ஓடாதீர்கள். ஏன் போனது என்று பாருங்கள்.

ஆறு லட்சம் கிலோமீட்டரில் இயல்பாகப் போவது என்றால், சூடான காற்று உள்ளே வரும் பக்கத்தில், டியூபும், டியூப் முனைகளைப் பிடித்திருக்கும் ஹெடர் தகடும் சேரும் இடத்தில், பெரும்பாலும் மூலை டியூபில் விரிசல் விடும். மேடு ஏறும்போது சூடாகி நீள்கிறது, இறங்கும்போது குளிர்ந்து சுருங்குகிறது. வருடக்கணக்கில் இப்படி நடந்தால் அலுமினியம் களைத்துப் போகும். அந்த இடத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருக்கும், கண்ணாலேயே தெரியும். அங்கே இல்லாமல் பிராக்கெட்டை ஒட்டி டேங்க் (இரு பக்கமும் ஹோஸ் மாட்டும் காற்றுப் பெட்டி) உடைந்திருந்தால் பழி இன்டர்கூலர் மேல் இல்லை. தாங்கும் ரப்பர் புஷ் நசுங்கியிருக்கும், அல்லது யாரோ புஷ்ஷை எடுத்துவிட்டு நேராக போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். லாரியின் சேஸிஸ் ஓட்டத்தில் முறுக்கிக்கொண்டே இருக்கும், அந்த முறுக்கு இன்டர்கூலருக்குப் போகாமல் தடுப்பது அந்த ரப்பர்தான். அதைச் சரி செய்யாமல் எவ்வளவு விலை கொடுத்துப் புதியதை மாட்டினாலும் அதே இடத்தில்தான் உடையும்.

ஹோஸைக் கழற்றும்போது உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். விரலில் ஒட்டும் அளவுக்கு மெல்லிய படலம் இருந்தால் பயம் வேண்டாம், ஓடிய எஞ்சினில் அது இருக்கும். சாய்த்தால் எண்ணெய் ஊற்றுகிறது என்றால் டர்போவின் சீல் போயிருக்கிறது, அல்லது பிரீதர் (எஞ்சினுக்குள் இருக்கும் ஆவியை வெளியேற்றும் குழாய்) வழியாக அளவுக்கு மீறி எண்ணெய் வருகிறது. அதைப் பார்க்காமல் புதிய இன்டர்கூலர் மாட்டினால் அதுவும் எண்ணெயில் ஊறும். உள்ளே தேங்கிய எண்ணெயை எஞ்சின் ஒரேயடியாக இழுத்துக்கொண்டால், சாவியை அணைத்தாலும் நிற்காமல் எஞ்சின் ஓடும் ஆபத்தும் உண்டு.

டர்போவின் இறக்கை உடைந்த வண்டி என்றால் என் பதில் ஒன்றுதான்: இன்டர்கூலரையும் மாற்றுங்கள். இறக்கைத் துணுக்குகள் உள்ளே டியூபுக்குள் இருக்கும் வளைவுத் தகட்டில் மாட்டிக்கொள்ளும். எவ்வளவு கழுவினாலும் எல்லாம் வெளியே வந்ததா என்று பார்க்க வழியே இல்லை. சில நாள் கழித்து ஒரு துணுக்கு விடுபட்டுப் போனால் பிஸ்டனும் லைனரும் போகும். காஸ்டிக் சோடா போட்டு ஊற வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அது அலுமினியத்தையே தின்றுவிடும், கிட்டவே கொண்டு போகக் கூடாது.

இப்போது உங்கள் மூன்று வழிக்கு வருகிறேன்.

காயலான் கடைப் பொருளை முதலில் ஒதுக்கிவிடுவேன். கழற்றிய இன்டர்கூலர் ஏன் கழற்றப்பட்டது என்று யோசியுங்கள். விபத்து வண்டியில் இருந்து வந்திருந்தால், முன்பக்கம் இடிபட்டபோது முதலில் அடி வாங்குவதே அதுதான். வெளியில் நேராக்கிவிட்டாலும் ஹெடர் பக்கம் உள்விரிசல் இருக்கும். டர்போ போன வண்டியில் இருந்து வந்திருந்தால் உள்ளே துணுக்கு இருக்கும். இரண்டும் இல்லாவிட்டால்கூட, உங்கள் பழையது எத்தனை முறை சூடாகிக் குளிர்ந்ததோ கிட்டத்தட்ட அத்தனை முறை அதுவும் சூடாகிக் குளிர்ந்திருக்கும். நாக்பூர் போகிற வண்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வழியில் நின்றால் இழப்பது ஒரு டிரிப் வாடகை.

பழையதையே ஆர்கான் வெல்டிங் வைத்து ஓட்டலாமா என்பது நீங்கள் கேட்காத கேள்வி, ஆனால் பட்டறையில் யாராவது சொல்வார்கள். வார்ப்பு டேங்கில் ஒரு விரிசல் என்றால், எண்ணெயை முழுக்கத் துடைத்து, கை தேர்ந்தவர் வைத்தால் நிற்கும். டியூபும் ஹெடரும் சேரும் இடத்தில் வைத்தால் நிற்காது. எண்ணெய் ஊறிய அலுமினியத்தில் வெல்டிங் ஓட்டை ஓட்டையாக விழும், அதன் சூட்டில் பக்கத்து டியூபின் இணைப்பும் இளகும். ஒன்றை அடைத்தால் இரண்டு திறக்கும். பழைய பித்தளை ரேடியேட்டருக்கு ஈயம் வைத்த கைகள் நம் ஊரில் நிறைய உண்டு, அருமையான வேலைக்காரர்கள். ஆனால் அலுமினியம் அந்த வித்தைக்கு ஒத்துக்கொள்ளாது. எபாக்சி பசை தடவுவது வீடு வந்து சேர மட்டும்தான்.

மீதி இருப்பது ஒரிஜினலா, வெளித் தயாரிப்பா என்பது. இதில் எனக்குப் பிடிவாதம் கிடையாது. நல்ல வெளித் தயாரிப்பு இருக்கிறது, மோசமானதும் இருக்கிறது. இரண்டும் கடை அலமாரியில் ஒரே மாதிரிதான் மின்னும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அதனால் உங்கள் பழைய இன்டர்கூலரைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். போட்டோவை மட்டும் காட்டி வாங்காதீர்கள்.

கடைக்காரர் முதலில் டேப் வைத்து நீளம், அகலம், வாய் விட்டம், பிராக்கெட் துளை எல்லாம் சரி என்று காட்டுவார். அது பொருந்துமா என்பதற்கான அளவு மட்டும்தான், குளிர்விக்குமா என்பது அதில் தெரியாது. நீங்கள் பார்க்க வேண்டியது கோரின் (நடுவில் டியூபும் தகடும் அடுக்கிய பகுதி) கனம், அதாவது தடிமன், டியூப் எண்ணிக்கை, ஃபின் (டியூபுகளுக்கு நடுவில் மடித்து வைத்த மெல்லிய தகடு) நெருக்கம். பழையதில் எத்தனை டியூப் என்று எண்ணி, புதியதிலும் எண்ணுங்கள். ஒரு அங்குல இடத்தில் எத்தனை ஃபின் மடிப்பு வருகிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். மலிவான பொருளில் முதலில் குறைவது இந்த இரண்டும்தான். அடுத்து, மொபைல் டார்ச்சை வாய் வழியாக அடித்து டியூபுக்குள் பாருங்கள். உள்ளே வளைவு வளைவாகத் தகடு தெரிய வேண்டும். காற்றைப் புரட்டி டியூபின் சுவரில் மோத வைப்பது அதுதான். அது இல்லாமல் வெறும் டியூபாக இருந்தால், நடுவில் போகும் காற்று சூடாகவே வெளியே வந்துவிடும். வெளி அளவு அச்சாக ஒன்றாக இருந்தும் வண்டி இழுக்காமல் போவதற்கு இது ஒன்றே போதும்.

கடைசியில் இரண்டையும் பார்சல் ஆபீஸ் தராசில் வையுங்கள். எண்ணெயை வடித்துவிட்ட பழையதைவிடப் புதியது கண்கூடாக இலேசாக இருந்தால் எங்கேயோ அலுமினியத்தைக் குறைத்திருக்கிறார்கள். நான் இந்தத் தராசுச் சோதனையைப் பெரிதும் நம்புகிறேன்.

டேங்க் எதனால் செய்தது என்றும் பாருங்கள். சில வண்டிகளில் பிளாஸ்டிக் டேங்கை ரப்பர் கேஸ்கட் வைத்து, அலுமினிய விளிம்பை மடித்துப் பிடித்திருப்பார்கள். எடை குறைவு, விலை குறைவு. வருடம் போகப் போகச் சூட்டில் கேஸ்கட் இறுகிக் கசியும். வார்ப்பு அலுமினிய டேங்கை வெல்டு செய்து வருவது கனமான ஓட்டத்துக்கு உகந்தது. உங்கள் வண்டிக்கு எது கம்பெனியில் வந்ததோ அதற்குக் குறையாமல் வாங்குங்கள்.

"இதைவிடக் கனமான கோர் இருக்கிறது, இன்னும் நன்றாகக் குளிர்விக்கும்" என்று சொன்னால் நில்லுங்கள். நான் அதில் அடிபட்டவன். ஒரு வாடிக்கையாளர் வண்டிக்கு, பழையதைவிட ஒன்றரை அங்குலம் கனம் கூடிய, ஃபின்னும் நெருக்கமான இன்டர்கூலர் ஒன்றை நானே தேர்ந்தெடுத்து மாட்டிக் கொடுத்தேன். டர்போ தள்ளும் காற்று நன்றாகக் குளிர்ந்தது. அடுத்த சித்திரையில் திம்பம் மலைப் பாதையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் எஞ்சின் சூடு சிவப்பைத் தொட்டு இரண்டு தடவை நின்றது. டிரைவர் ராத்திரி போன் செய்தது இன்னும் நினைவிருக்கிறது. இன்டர்கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்காருகிறது. முன்னால் இருப்பது கனமானால் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்குக் காற்று குறையும். மலையில் வண்டி வேகமும் இல்லை, ஃபேன் ஒன்றுதான் கதி. கம்பெனிக்காரர்கள் இரண்டையும் ஃபேனையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மறுபடியும் பழைய கனத்திலேயே வாங்கி என் செலவில் மாட்டிக் கொடுத்தேன், அதோடு சூடு நின்றது.

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் வண்டி வைத்திருப்பவர்கள் படித்தால் அவர்களுக்கும் இதையே இன்னும் அழுத்திச் சொல்வேன். கல் தூசியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்த இடத்தில் நெருக்கமான ஃபின் மிகச் சீக்கிரம் சிமெண்ட் பூசிய மாதிரி அடைத்துக்கொள்ளும். அங்கே ஃபின் கொஞ்சம் இடைவெளி விட்டு இருப்பதுதான் நடைமுறையில் அதிகம் குளிர்விக்கும், கழுவவும் வரும்.

வண்டி மாடல் பெயரைச் சொல்லி மட்டும் ஆர்டர் கொடுக்காதீர்கள். அதே மாடல் பெயரில் வெவ்வேறு குதிரைத் திறன் எஞ்சின் வந்திருக்கும். 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பிஎஸ்-4, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்று விதி மாறியபோது எஞ்சின், குழாய் வழி, இன்டர்கூலர் எல்லாம் மாறின. சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் கொடுத்து பார்ட் நம்பர் எடுங்கள். பழைய டேங்கின் வார்ப்பிலோ ஸ்டிக்கரிலோ இருக்கும் நம்பரோடு ஒப்பிடுங்கள். முந்தைய ஓனர் ஏற்கனவே ஒருமுறை மாற்றியிருந்தால் வண்டியில் இருப்பதே தவறான பொருளாக இருக்கலாம், அதையும் இந்த ஒப்பீடு காட்டிக் கொடுக்கும். பிஎஸ்-6 வண்டி வைத்திருப்பவர்கள் கசிவைத் தள்ளிப் போடவே கூடாது. காற்று குறைந்து வரும் கரி முழுவதும் சைலன்சர் பக்கத்து வடிகட்டியில் போய் அடைக்கும், அதன் விலைக்கு முன்னால் இன்டர்கூலர் விலை ஒன்றுமே இல்லை.

என் முடிவு இதுதான். உங்கள் வண்டியை இன்னும் நான்கைந்து வருடம் வைத்து ஓட்டுவதாக இருந்தால் ஒரிஜினல் வாங்குங்கள். ஒன்றிரண்டு வருடத்தில் கைமாற்றும் எண்ணம் இருந்தால், மேலே சொன்ன எண்ணிக்கை, டார்ச், தராசு மூன்றிலும் தேறிய வெளித் தயாரிப்பு போதும். ஆனால் பில்லும் எழுத்தில் வாரண்டியும் வாங்குங்கள். பில் தர மறுக்கும் கடையில் எந்த விலைக்கும் வேண்டாம்.

வாங்கிய பிறகு மாட்டும் வேலையில் மிச்சம் பிடிக்காதீர்கள். இன்டர்கூலரோடு ஹோஸையும் மாற்றுங்கள். ஆறு லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஹோஸ் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும். டர்போவிலிருந்து வரும் சூடான பக்கத்துக்கு, துணி அடுக்கு வைத்த சிலிக்கான் ஹோஸ் வேண்டும். ரேடியேட்டருக்குப் போடும் கறுப்பு ரப்பர் ஹோஸ் அங்கே தாங்காது. கிளாம்பும் அப்படித்தான். திருகு வைத்த சாதாரண கிளிப் ஹோஸை வெட்டும், சூட்டில் தளரும். டி-போல்ட் வைத்த அகலக் கிளாம்ப், முடிந்தால் ஸ்பிரிங் வைத்தது, கம்பெனி சொல்லும் முறுக்கு அளவுக்கு (டார்க்) இறுக்கியது, அதுதான் சரி. ரப்பர் புஷ் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். முதலில் பிராக்கெட்டில் உட்கார வைத்து, குழாய் வாயும் இன்டர்கூலர் வாயும் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஹோஸை மாட்டுங்கள். வளைந்து இழுத்துப் பிடிக்கும் ஹோஸ் எப்போதும் இன்டர்கூலரை இழுத்துக்கொண்டே இருக்கும். கழற்றியது முதல் மாட்டும் வரை திறந்திருக்கும் குழாய் வாய்களில் சுத்தமான துணி அடைத்து வையுங்கள். எடுத்த பின் எத்தனை துணி வைத்தோம், எத்தனை எடுத்தோம் என்று எண்ணுங்கள். உள்ளே மறந்த துணியை டர்போ மறக்காது.

இன்டர்கூலர் வெளியே இருக்கும் அந்த நேரம் ரேடியேட்டர் முகம் முழுதாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் பூச்சி, வைக்கோல், தூசி எல்லாம் கம்பளி போலப் படிந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கித் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பம்ப் பிரஷரைக் குறைத்து, நேராக அடியுங்கள். சாய்த்து அடித்தால் ஃபின் மடங்கிவிடும்.

முதல் டிரிப்பில் ஓசூர் தாண்டியதும் ஒரு இடத்தில் நிறுத்தி, கிளாம்ப் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புதிய ஹோஸ் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கி உட்காரும், அப்போது கிளாம்ப் அரைச் சுற்று கேட்கும். தொப்பூர் ஏற்றத்தில் எந்த கியரில் ஏறியது, புகை எப்படி, இன்டர்கூலர் வெளிவாயில் எத்தனை டிகிரி என்று டிரைவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த வருடம் சந்தேகம் வந்தால் ஒப்பிட அந்த எண்கள் கையில் இருக்கும். ஒருவேளை பிரஷர் சோதனையில் உங்கள் பழைய இன்டர்கூலர் தேறிவிட்டால், சோதனை எண்களோடு மறுபடி எழுதுங்கள். அப்போது ஏர் ஃபில்டர், டர்போ, இன்ஜெக்டர் என்று எந்த வரிசையில் பார்ப்பது என்று சொல்கிறேன்.